டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டில் அடுத்த ஏர்போர்ட்டில் ஏன் பறிபோகிறது? கனெக்டிங் ஃப்ளைட் பயணிகளுக்கு ஒரு கைடு

கார்த்திக் என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் ஐ.டி. வேலை. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு முதல்முறையாகப் போகிறார். சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து சிகாகோ, சிகாகோவிலிருந்து உள்நாட்டு விமானத்தில் கொலம்பஸ். துபாயில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். டியூட்டி ஃப்ரீ கடைக்குள் நுழைகிறார். அண்ணனுக்கு ஒரு லிட்டர் விஸ்கி, அண்ணிக்கு 150 மி.லி. பெர்ஃப்யூம். கடைக்காரர் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒட்டி, கையில் கொடுக்கிறார்.

விமானத்தில் அந்தப் பை பேக்பேக்கில் அடங்கவில்லை. "வெறும் கவர்தானே" என்று கிழித்துவிட்டு, பாட்டில்களை மட்டும் உள்ளே வைக்கிறார். சிகாகோவில் இமிகிரேஷன் முடிந்து, சூட்கேஸை எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, அடுத்த விமானத்துக்காக சூட்கேஸைத் திரும்ப ஒப்படைக்கிறார். பிறகு உள்நாட்டு விமானத்துக்கான செக்யூரிட்டி வரிசை. ஸ்கேனரில் பேக்பேக் நிற்கிறது. "சார், இதை உள்ளே கொண்டுபோக முடியாது."

பில் காட்டினாலும், "இது ஏர்போர்ட் கடையிலேயே வாங்கினது" என்று சொன்னாலும் பயனில்லை. சூட்கேஸில் வைக்கலாம் என்றால், அது ஏற்கெனவே பெல்ட்டில் போய்விட்டது. பல ஆயிரம் ரூபாய் பொருள் அங்கேயே தங்கிவிடும்.

கார்த்திக் சட்டவிரோதமாக எதுவும் செய்யவில்லை. செய்த தவறுகள் இரண்டு. இரண்டுமே பத்து நொடியில் தவிர்த்திருக்கக் கூடியவை. அவை என்ன என்று பார்ப்பதற்கு முன், இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

100 மி.லி. கணக்கு எப்படி வந்தது?

2006 ஆகஸ்ட் 10. லண்டனிலிருந்து அமெரிக்கா, கனடா செல்லும் விமானங்களை நடுவானில் தகர்க்கத் தீட்டப்பட்டிருந்த சதியை பிரிட்டன் போலீஸ் முறியடித்ததாக அறிவித்தது. குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை நிரப்பி, கைப்பையில் எடுத்துச் செல்வதுதான் திட்டம். அன்றைய எக்ஸ்ரே கருவிகளால் தண்ணீரையும் ஆபத்தான திரவத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் கைப்பையில் திரவம் கொண்டுபோவதற்கே தடை வந்தது.

சில வாரங்களில் அந்தத் தடை தளர்ந்து, இன்றைய விதியாக மாறியது. அமெரிக்காவில் 2006 செப்டம்பர் இறுதியிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே ஆண்டு நவம்பரிலும் அமலானது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் இதே முறையைப் பரிந்துரைத்ததால், பெரும்பாலான நாடுகள் பின்பற்றின. விதி இதுதான்: ஒவ்வொரு திரவமும் 100 மி.லி.க்கு மேல் கொள்ளாத குப்பியில் இருக்க வேண்டும். எல்லாக் குப்பிகளும் சுமார் ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே ஒரு ஒளி ஊடுருவும் பைக்குள் அடங்க வேண்டும்.

இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. கணக்கு குப்பியின் கொள்ளளவுக்குத்தான், உள்ளே மிச்சம் இருக்கும் திரவத்துக்கு அல்ல. 200 மி.லி. பாட்டிலில் கால்வாசி மட்டும் இருந்தாலும் அது 200 மி.லி. பாட்டில்தான்.

மாறாக, 100 மி.லி. பெர்ஃப்யூம் வாங்கினால், மற்ற திரவங்களோடு அந்தப் பைக்குள் அடங்கும் வரை பிரச்சினை இல்லை. கார்த்திக் அண்ணிக்கு 150க்குப் பதில் 100 மி.லி. பாட்டிலைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதுவாவது தப்பித்திருக்கும்.

ஒரு தடவை செக் பண்ணியாச்சே, மறுபடி ஏன்?

இதுதான் பயணிகள் அதிகம் கேட்கும் கேள்வி. டியூட்டி ஃப்ரீ கடை செக்யூரிட்டியைத் தாண்டித்தானே இருக்கிறது? அங்கே விற்கும் பொருள் பாதுகாப்பானதாகத்தானே இருக்கும்?

அந்த விமான நிலையத்தைப் பொறுத்தவரை, சரிதான். ஆனால் ஒரு நாடு செய்த சோதனையை இன்னொரு நாடு அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. விமானம் மாறும் இடத்தில், பயணியையும் கைப்பையையும் அந்த நாடு தன் விதிப்படி மறுபடி சோதிக்கும். சில நாடுகள் மட்டும் தங்களுக்குள் பேசி, ஒருவர் சோதனையை மற்றவர் ஏற்கின்றன. உதாரணமாக, சிங்கப்பூரிலும் கனடாவிலும் நடக்கும் சோதனையை ஐரோப்பிய ஒன்றியம் தன் சோதனைக்குச் சமமாக ஏற்கிறது. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போய் விமானம் மாறுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

ஆகவே, பொருள் எந்தக் கடையில் வாங்கியது என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் கடைக்குப் பிறகு இன்னும் எத்தனை செக்யூரிட்டி சோதனை பாக்கி இருக்கிறது? பதில் பூஜ்யம் என்றால் கவலையே இல்லை. ஒன்று இருந்தாலும், அந்தப் பிளாஸ்டிக் பையில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தப் பையில் அப்படி என்ன இருக்கிறது?

கடையில் தரும் அந்தப் பை சாதாரண கேரி பேக் இல்லை. விமானத் துறையில் அதை 'ஸ்டெப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். யாராவது திறந்தால் காட்டிக்கொடுக்கும் பாதுகாப்புப் பை என்று பொருள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், சிவப்பு விளிம்பு, ஒட்டிய பட்டையைப் பிரித்தால் மறைக்க முடியாத அடையாளம். கடைசி ஊர் போய்ச் சேரும்வரை திறக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். ரசீது பைக்கு வெளியிலிருந்து படிக்கும்படி உள்ளேயே இருக்க வேண்டும்.

அடுத்த விமான நிலைய அதிகாரிக்கு இந்தப் பை சொல்வது ஒன்றுதான்: 'இது இன்ன கடையில், இன்ன தேதியில் வாங்கியது; அதன் பிறகு யாரும் கை வைக்கவில்லை.' பை கிழிந்த நொடியில் அந்தச் சாட்சி போய்விடுகிறது. அதன் பிறகு அது கடையில் வாங்கிய விஸ்கியா, வழியில் யாரோ நிரப்பியதா என்று சொல்ல அதிகாரியிடம் எந்த ஆதாரமும் இல்லை. கார்த்திக்கின் முதல் தவறு இதுதான்.

சீல் அப்படியே இருந்தாலும் சோதனை இல்லாமல் விடமாட்டார்கள். பாட்டிலைத் திறக்காமலேயே உள்ளிருக்கும் திரவத்தை ஆராயும் கருவிகள் இருக்கின்றன. அதில் சந்தேகம் வந்தால் அனுமதி கிடையாது. இங்கே பாட்டிலின் வடிவமும் முக்கியமாகிறது. கண்ணாடி பாட்டில் எளிதாகத் தேறிவிடும். பீங்கான் ஜாடி, உலோகக் குடுவை போன்ற அழகான கிஃப்ட் பேக்குகளை ஊடுருவிப் பார்ப்பது கடினம் என்பதால் அவை தடுக்கப்படும் வாய்ப்பு அதிகம்.

விமானத்துக்குள் பணிப்பெண்களிடம் வாங்கும் பொருளுக்கும் இதே கதைதான். இன்னொரு விமானம் பாக்கி இருந்தால், "எனக்கு கனெக்ஷன் இருக்கு, சீல் பண்ணிக் கொடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும்.

எதெல்லாம் திரவம்?

பாட்டிலில் இருப்பது மட்டும் திரவம் என்று நினைத்தால் தவறு. ஊற்ற, பூச, பிழிய, பீய்ச்ச முடிகிற எல்லாமே இந்தக் கணக்கில் வரும். பெர்ஃப்யூம், பாடி ஸ்ப்ரே, லோஷன், டூத்பேஸ்ட் எல்லாம் தெரிந்தவை. தேன், ஜாம், பிரெட்டில் தடவும் சாக்லேட் கிரீம் ஆகியவையும் இதில் அடக்கம். அம்மா கட்டிக்கொடுத்த நெய், ஊறுகாய், தக்காளித் தொக்குக்கும் இதே விதிதான். வீட்டிலிருந்து வருபவற்றுக்கு சீல் பை கிடைக்காது. அவற்றின் இடம் சூட்கேஸ்தான்.

சாக்லேட் பார், பேரீச்சம்பழம், பிஸ்கட், சிகரெட், வாட்ச் போன்ற திடப் பொருட்களுக்கு இந்தக் கவலை இல்லை. குழந்தைக்கான பால், பயணத்துக்குத் தேவையான மருந்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் கேட்காமலே எடுத்துக் காட்டிவிடுவது நல்லது. மருந்துக்கு டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும்.

உங்க ரூட்டுக்கு எது பொருந்தும்?

அமெரிக்கா: அங்கே எந்த ஊருக்குப் போனாலும், வழக்கமாக முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே இமிகிரேஷன், கஸ்டம்ஸ் முடியும். சூட்கேஸையும் அங்கேயே எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். இது தொல்லையாகத் தெரிந்தாலும், டியூட்டி ஃப்ரீ வாங்கியவருக்கு இதுதான் வாய்ப்பு. சூட்கேஸ் கையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டால், அடுத்த செக்யூரிட்டி பற்றிக் கவலையே வேண்டாம். கார்த்திக் தவறவிட்டது இதைத்தான். பையைக் கிழித்த தவறைக்கூட இங்கே சரிசெய்திருக்கலாம்.

கைப்பையிலேயே கொண்டுபோக வேண்டும் என்றால் மூன்று நிபந்தனைகள்: வெளிநாட்டு டியூட்டி ஃப்ரீயில் வாங்கியிருக்க வேண்டும்; கடைக்காரர் சீல் செய்த பை திறக்கப்படாமல் இருக்க வேண்டும்; ரசீது 48 மணி நேரத்துக்குள் வாங்கியதாகக் காட்ட வேண்டும். மூன்றும் இருந்தும் ஸ்கேனரில் தேறாவிட்டால் அனுமதி இல்லை. அதனால்தான் அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பே சூட்கேஸில் வைப்பதைப் பரிந்துரைக்கிறது.

அபுதாபி வழியாகப் போகிறவர்கள் மட்டும் கவனிக்க: அங்கே 2014 முதல் அமெரிக்க இமிகிரேஷன், கஸ்டம்ஸ் சோதனை விமானம் ஏறும் முன்பே நடக்கிறது. எனவே அமெரிக்காவில் இறங்கியதும் சூட்கேஸ் கைக்கு வரும், அதில் பாட்டிலை வைத்துக்கொள்ளலாம் என்று நம்பக் கூடாது.

ஐரோப்பா: முன்பு ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கிய டியூட்டி ஃப்ரீ திரவங்கள் அங்கு விமானம் மாறும்போது பறிபோவது சாதாரணம். 2014 ஜனவரி 31 முதல் நிலைமை மாறியது. எந்த நாட்டு விமான நிலையத்தில் வாங்கியதாக இருந்தாலும், சீல் பையும் ரசீதும் சரியாக இருந்து, கருவிச் சோதனையில் தேறினால் அனுமதிக்கிறார்கள். இங்கே சூட்கேஸ் பெரும்பாலும் நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். ஆகவே, அமெரிக்காவில் கிடைக்கும் அந்த இடைவெளி இங்கே இல்லை. சீல்தான் ஒரே துணை.

சிங்கப்பூர்: சாங்கி விமான நிலையத்தின் முதல் மூன்று டெர்மினல்களில் செக்யூரிட்டி சோதனை நுழைவாயிலில் இல்லை, விமானம் ஏறும் கேட்டில் இருக்கிறது. அதாவது, கடைகள் முதலில் வருகின்றன, சோதனை பிறகு வருகிறது. சாங்கியிலேயே வாங்கிய பாட்டில்கூட கேட்டில் ஸ்கேனருக்குள் போகும். கடையில் சீல் செய்து கொடுப்பது அதற்காகத்தான். "விமானம் ஏறப் போறோம், இனி என்ன செக்கிங்" என்று கேட்டுக்கு வரும் வழியில் பிரித்துவிடக் கூடாது.

ஆஸ்திரேலியா: சிட்னியில் இறங்கி மெல்பர்ன் போகிறவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. அங்கே உள்நாட்டு விமானங்களுக்குத் திரவ அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் உள்நாட்டுப் பயணமே சர்வதேச டெர்மினலிலிருந்து கிளம்பினால் கட்டுப்பாடு பொருந்தும்.

இந்தியா திரும்பும்போது: துபாயிலிருந்து மும்பை வழியாக மதுரை என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் மும்பையிலேயே சூட்கேஸை எடுத்து, கஸ்டம்ஸ் முடித்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். பாட்டிலை சூட்கேஸுக்கு மாற்ற இதுவே நேரம். சென்னைக்கே நேராக வருகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து பாட்டிலைச் சுமக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இமிகிரேஷன் முடிந்து வெளியேறும் வழியிலேயே டியூட்டி ஃப்ரீ கடை இருக்கிறது. அதற்குப் பிறகு கஸ்டம்ஸ் மட்டும்தான், செக்யூரிட்டி சோதனை இல்லை.

தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால்?

விலை குறைவு என்பதற்காக இரண்டு வெவ்வேறு விமான நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுக்கும் பழக்கம் இளைஞர்களிடம் அதிகமாகியிருக்கிறது. இதில் நடுவில் இருக்கும் ஊரில் வெளியே வந்து, சூட்கேஸை எடுத்து, புதிய பயணியைப் போல மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரலாம். அப்போது கையில் சீல் பை இருந்தாலும், 'ட்ரான்சிட் பயணி' என்ற நிலை இல்லாததால் அதிகாரி ஏற்பார் என்று சொல்ல முடியாது. சூட்கேஸ் கைக்கு வருகிறது என்பதால், தயங்காமல் அதற்குள் வைத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

சூட்கேஸில் எவ்வளவு வைக்கலாம்?

மதுவுக்குச் சர்வதேச விதி தெளிவாக இருக்கிறது. ஆல்கஹால் அளவு 24 முதல் 70 சதவீதம் வரை உள்ளவை, அதாவது விஸ்கி, ரம், பிராந்தி, வோட்கா போன்றவை, ஒருவருக்கு மொத்தம் 5 லிட்டர் வரை. கடையில் விற்ற நிலையில், திறக்காமல் இருக்க வேண்டும். 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சூட்கேஸிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. ஒயின், பீர் போன்ற 24 சதவீதத்துக்குக் குறைவானவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு விதியில் அளவு வரம்பு இல்லை.

பாட்டில் உடையாமல் இருக்க, சூட்கேஸின் நடுவில், சுற்றிலும் கனமான துணி இருக்கும்படி வையுங்கள். ஒரு ஜிப்லாக் கவருக்குள் போட்டுவிட்டால், உடைந்தாலும் மற்ற துணிகள் தப்பிக்கும்.

செக்யூரிட்டி வேறு, கஸ்டம்ஸ் வேறு

இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். செக்யூரிட்டி பார்ப்பது, விமானத்துக்குள் கொண்டுபோகலாமா என்பதை. கஸ்டம்ஸ் பார்ப்பது, நாட்டுக்குள் கொண்டுவரலாமா என்பதை. டியூட்டி ஃப்ரீ என்றால் வாங்கிய இடத்தில் வரி இல்லை என்றுதான் அர்த்தம். போய்ச் சேரும் நாட்டில் வரி இருக்காது என்று அர்த்தமில்லை.

இந்தியாவுக்குள் ஒருவர் வரியின்றி 2 லிட்டர் மது கொண்டுவரலாம். அமெரிக்காவில் 21 வயது நிரம்பியவருக்குப் பொதுவாக ஒரு லிட்டர். சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிச் சலுகையே கிடையாது. ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மதுவுக்கான சலுகையும், குறைந்தது 48 மணி நேரம் சிங்கப்பூருக்கு வெளியே இருந்துவிட்டு, மலேசியா அல்லாத நாட்டிலிருந்து வருபவர்களுக்குத்தான். குவைத்துக்குள் மது கொண்டுபோவதே குற்றம். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் சீல் பையை நம்பி வாங்கிவிடக் கூடாது.

புது ஸ்கேனர் வந்துடுச்சே, இன்னும் இதெல்லாம் தேவையா?

மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போல, பைக்குள் இருப்பதை முப்பரிமாணத்தில் காட்டும் கருவிகள் பல விமான நிலையங்களுக்கு வந்துவிட்டன. அவற்றை நம்பி சில இடங்களில் 100 மி.லி. வரம்பைத் தளர்த்தினார்கள். 2024-ல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் அதைத் திரும்பக் கொண்டுவந்தன. 2025-ல் எடின்பரோ, பர்மிங்ஹாம் போன்ற விமான நிலையங்களில் 2 லிட்டர் வரை மறுபடி அனுமதித்தார்கள்.

கனெக்டிங் பயணிக்கு இதனால் கிடைக்கும் பாடம் வேறு. உங்கள் பயணத்தில் மூன்று விமான நிலையங்கள் இருந்தால், இரண்டில் புதிய கருவி இருப்பது போதாது. எங்கே விதி மிகக் கடுமையாக இருக்கிறதோ, அதுவே உங்கள் முழுப் பயணத்துக்கும் விதி. போகும்போது அனுமதித்தார்கள் என்பதற்காகத் திரும்பும்போதும் அனுமதிப்பார்கள் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பில் போடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய 5 கேள்விகள்

1. இந்தக் கடைக்குப் பிறகு எனக்கு இன்னும் செக்யூரிட்டி சோதனை இருக்கிறதா? தெரியாவிட்டால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2. கடைசி விமானம் ஏறும் ஊரில் இதே பொருள் கிடைக்குமா? கிடைத்தால் அங்கேயே வாங்கலாம்.

3. போர்டிங் பாஸைக் காட்டி, கனெக்ஷன் இருப்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேனா? ரசீது வெளியே தெரியும்படி பை சீல் ஆகியிருக்கிறதா?

4. வழியில் எங்காவது சூட்கேஸ் என் கைக்கு வருமா? வந்தால், அங்கே பாட்டிலை உள்ளே வைக்க இடம் இருக்கிறதா?

5. போய்ச் சேரும் நாட்டில் இவ்வளவு கொண்டுவர அனுமதி உண்டா?

ஒருவேளை செக்யூரிட்டியில் நிறுத்திவிட்டால், வாக்குவாதம் செய்து பயனில்லை; அங்கே முடிவு அதிகாரியுடையது. நேரம் இருந்தால், திரும்பப் போய்க் கைப்பையையே செக்-இன் செய்ய முடியுமா என்று விமான நிறுவன கவுன்டரில் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இருக்கலாம். அடுத்த விமானத்தைத் தவறவிடும் அபாயமும் இருக்கிறது. பாட்டிலின் விலையையும் டிக்கெட்டின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கார்த்திக் விஷயத்துக்கு வருவோம். துபாயில் கொடுத்த பையை அப்படியே விட்டிருந்தால் ஒரு வாய்ப்பு. சிகாகோவில் சூட்கேஸை ஒப்படைக்கும் முன் ஜிப்பைத் திறந்து பாட்டில்களை உள்ளே வைத்திருந்தால், அண்ணனுக்கும் அண்ணிக்கும் வாங்கியது அப்படியே வீடு போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த முறை டியூட்டி ஃப்ரீயில் சீல் பையைக் கையில் வாங்கும்போது, வீட்டுக் கதவைத் தாண்டும்வரை அதைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.